திரும்பி வரும்போது தெரிந்த மலை

இராஜபாளையத்தில் கருப்பையா வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சாப்பாட்டுத் தட்டு பறந்தது. வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் எங்க? பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கியளா?" என்று கத்தினார். தட்டை வீசும்வரை இடது பாதியில் சோறும் பொரியலும் தொடப்படாமல் இருந்தன.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மில், ஹோட்டல், லாரி என்று ஊர் ஊராகத் திரிந்து, ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியைத் தூக்கிப் படுக்கவைக்கப் பழகினேன். அப்படித்தான் ஸ்ட்ரோக் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் அட்டெண்டர் ஆனேன்.

கருப்பையா ஓய்வுபெற்ற டவுன் பஸ் டிரைவர். ஸ்ட்ரோக்கில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மனைவி ராசம்மா கட்டிலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து எவ்வளவு பேசினாலும் திரும்ப மாட்டார்.

மகன் செல்வம் முடிவெடுத்துவிட்டார். "அப்பாவுக்கு நெனவு தப்பிருச்சுண்ணே. ஞாயித்துக்கெழமை மதுரையில ஒரு ஹோம்ல விட்டுருதேன்."

"அவிய இந்த வீட்ட விட்டு எங்கயும் வரமாட்டாவ" என்றார் ராசம்மா.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபி மேடத்திடம் தட்டு விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். "கண்ணுல கோளாறு இல்ல. மூளையில வலது பக்கம் அடி. அதனால கவனம் இடது பக்கம் போகாது. சில பேருக்கு மனசுக்குள்ள பாக்கும்போதும் அப்படித்தான்" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சு என்னை விடவில்லை. சனிக்கிழமை செல்வத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கருப்பையாவிடம் கேட்டேன்.

"டிரைவர் ஐயா, வண்டிய எடுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். வழியில என்ன தெரியுது?"

கண்ணை மூடினார். மில் கேட், டீக்கடை, தென்னந்தோப்பு. எல்லாம் வலப்பக்கத்து இடங்கள்.

"மலை தெரியுதா?"

"மலையா? காணோமே."

"பாத்தியளா, மலையே மறந்துபோச்சு" என்றார் செல்வம்.

"இப்ப வண்டியத் திருப்புங்க ஐயா. ராஜபாளையம் வாரோம்."

"ஆள் ஏறட்டும்லே, பறக்காத." வலது கையால் ஸ்டியரிங்கைத் திருப்புவது போல் காட்டினார். பிறகு, "அந்தா மலை. செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் எறங்கிட்டு. மழைதான்" என்றார். இப்போது மில் கேட் வரவில்லை. டீக்கடையும் வரவில்லை.

போகும்போது மலை இடப்பக்கம். வரும்போது வலப்பக்கம். செல்வத்துக்கு விளங்கிவிட்டது.

"அப்ப அப்பா எதையும் மறக்கலையா?"

"இல்ல தம்பி. ஒரு பக்கம் அவருக்கு எட்டல, அம்புட்டுதான்."

செல்வம் வெளியே போய், அப்பா வரவில்லை என்று ஹோமுக்குப் போன் செய்தார்.

மேடம் சொன்னபடி தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன். சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்வேன். ராசம்மா அவர் இடது தோளைத் தட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். மாதக்கணக்கில் இதே வேலை. ஒருநாள் மத்தியானம் யாரும் தட்டாமலே திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா எங்கட்டி போயிருந்த?"

"நல்லாருக்கு கதை. இங்கனதான் உக்காந்திருக்கேன்."

"கூப்பிட வேண்டியதுதான?"

ராசம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் உள்ள பாடம் இதுதான்: நோயாளிக்கு ஞாபகம் போய்விட்டது என்று வீட்டார் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் நின்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.