டீ நேரத்து மாத்திரை

பூங்குழலி என்ற பேரை விஜயகுமாரி முதன்முதலாகக் கேட்டது கம்பெனி பஸ்ஸில்தான். மாதனூர் நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறுவதற்குள் டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் மேல் ஹாரன் அடிக்க, பின்சீட்டிலிருந்து யாரோ, "அடிக்காதண்ணே, அது பூங்குழலி. மூச்சு வாங்கும் அதுக்கு. மெல்லத்தான் ஏறும்" என்றார்கள்.

"மூச்சு வாங்கறவங்கள எல்லாம் வேலைக்கு எடுத்தா லைன் எப்படி ஓடும்?" என்று விஜயகுமாரி எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அவளை எதிர்த்துப் பேச அந்த பஸ்ஸில் ஆள் கிடையாது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டுவிட்டு, "லைன் ஓடட்டும்க்கா. நான் உக்காந்துதானே ஒட்டப்போறேன்" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் விழுந்தவன் கோபி. விஜயகுமாரியின் தம்பி, நடுவில் ஒன்று பிறந்து தங்கவில்லை. அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டித் தலைசீவி வளர்த்ததும், பிறகு கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அக்காதான். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அவள் திரும்பி வந்தபோது சோறு போட்டவன் அந்தத் தம்பி. அப்படிப்பட்டவன் மாதனூர் சாமிநாதன் பெண் பூங்குழலியைத் தனக்குக் கேள் என்றதும் அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஊர்ல வேற பொண்ணே இல்லயாடா? பஸ் படி ஏற முடியாதவளக் கட்டி இன்னா பண்ணப்போற? அவ வாழற வரைக்கும்தான் உனக்கு வாழ்க்கையா?"

சொல்லியிருக்கக் கூடாது. சாமிநாதனுக்கு அக்கா முறை ஆகிற ஒருத்தியும் விஜயகுமாரியின் அத்தையும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். இந்த வீட்டில் பேசியது அந்த வீட்டுக்குப் போய்ச்சேர அது ஒன்று போதாதா? போய்ச் சேர்ந்தது. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்து ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு, பூங்குழலியைப் பிடிக்காமல் இருக்க விஜயகுமாரிக்கு வழியில்லாமல் போய்விட்டது. நாத்தனாரின் அதட்டலை அவளைப் போலவே நடித்துக் காட்டி அவளையே சிரிக்க வைப்பாள் அந்தப் பெண். "அண்ணி, நீங்க தூங்கறப்பகூட லைன் ஓட்டறீங்க. நேத்து ராத்திரி 'சீக்கிரம், சீக்கிரம்'னு ஒரே சத்தம்" என்பாள். விஜயகுமாரி அவளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்து வேலை கொடுத்தாள்.

பசை லைனில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த வாடை தெரியும். சொல்யூஷன் டப்பாவைத் திறந்து வைத்தால் டீ நேரத்துக்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். அதனால் டீயோடு ஆளுக்கொரு தலைவலி மாத்திரை. விஜயகுமாரியே அட்டை அட்டையாக வாங்கி மேஜை டிராயரில் வைத்திருப்பாள். டீ கொண்டுவருகிற அம்மா கிளாஸை நீட்ட, இவள் மாத்திரையை நீட்டுவாள். பிஸ்கட் தின்கிற மாதிரி அது. அதை ஒரு மருந்து என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. அதற்கு டீ மாத்திரை என்றுதான் பேர்.

கல்யாணமான மறுவருஷமே பூங்குழலிக்கு உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் இதயத்துக்குள் இருக்கிற வால்வைச் சுருக்கிவிட்டது, ஆபரேஷன் செய்து வேறு வால்வு வைக்க வேண்டும் என்றார்கள். நாள் கிடைக்க வெகுகாலம் காத்திருந்தார்கள். வீட்டில் சும்மா உட்கார மாட்டேன் என்று பூங்குழலி அதுவரை வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள்.

வார்டில் சேர்த்த அன்று டாக்டரம்மா கேட்டார்: "நாங்க எழுதிக் குடுத்த மாத்திரைங்க தவிர வேற ஏதாவது சாப்பிடறாங்களா?"

பூங்குழலி வாய் திறப்பதற்குள் விஜயகுமாரி, "வேற ஒண்ணும் இல்லம்மா. நான்தான் எல்லாம் பாத்துப் பாத்துக் குடுக்கறேன்" என்றாள். அந்த வீட்டில் கேள்வி யாருக்கு வந்தாலும் பதில் அவளுடையதுதான். பொய் சொல்கிறோம் என்று அவள் மனசில் துளியும் இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பூங்குழலி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும், "நாளைக்கு அத்தனை பெரிய வலி இருக்கு. இன்னிக்கு இதையும் இன்னாத்துக்குத் தாங்கற?" என்று பர்ஸிலிருந்து ஒரு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பூங்குழலியை உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தம் கொடுக்க விஜயகுமாரி தன் லைன் ஆட்களையே அழைத்து வந்திருந்தாள். தோல் வெட்டுற செக்‌ஷனிலிருந்து கோபியின் தோஸ்த் நயீம் அகமதுவும் வந்திருந்தான். சாமிநாதன் பெஞ்சின் ஒரு ஓரத்தில் துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். மத்தியானம் தாண்டியும் சேதி வரவில்லை. அப்போது அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "விஜயா, உன் வாய்ல வந்தது பலிச்சிடக் கூடாதும்மா. அவ்ளோதான் நான் வேண்டிக்கறது."

அந்த நேரத்தில்தான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஃபீபி வெளியே வந்தாள். வேலூர் தோட்டப்பாளையத்துப் பெண், அவசரத்திலும் நிதானமாகப் பேசினாள்.

"வால்வு வச்சாச்சு. அது நல்லா வேலை செய்யுது. ஆனா ரத்தம் நிக்கல. மிஷின் வழியா ரத்தம் ஓடறப்ப உறையக் கூடாதுன்னு ஒரு மருந்து போடுவோம். சின்ன குழாய்ல ரத்தம் எடுத்து, உறைய எவ்ளோ நேரம் ஆவுதுன்னு திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருப்போம். முடிஞ்சதும் அத முறிக்க வேற மருந்து. இப்ப அது முறிஞ்சிடுச்சு, டெஸ்ட் சரியா வருது. அப்புறமும் ஊறிக்கிட்டே இருக்கு. அவங்க ஏதாவது நாட்டு மருந்து, தலைவலி மாத்திரை, அந்த மாதிரி சாப்பிட்டாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

விஜயகுமாரியின் பர்ஸ் மடியில்தான் இருந்தது. அதற்குள் பாதி கிழித்த அட்டை இருந்தது.

"இல்ல சிஸ்டர். எங்க அக்காதான் எல்லாம் பாத்துக்கிச்சு" என்றான் கோபி. சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். சாமிநாதனும் பார்த்தார்.

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம் என்று நின்ற நாத்தனார், ஆபரேஷனுக்கு முதல் நாள் யாருக்கும் தெரியாமல் என்னமோ கொடுத்துவிட்டாள் என்று மாதனூரில் பேசினால்? வேண்டுமென்றே மருந்து வைத்துவிட்டாள் என்றால்? தம்பி நம்பிவிட்டால்? அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப உள்ள எங்கயோ கசியுதுன்னுதான் அர்த்தம். மூடின நெஞ்சைத் திரும்பத் திறந்து தேடணும்" என்று சொல்லிவிட்டு ஃபீபி உள்ளே போனாள்.

கதவு ஆடி நின்றது. விஜயகுமாரி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே திறக்கிறார்கள். இல்லாத ஓட்டையைத் தேடுகிறார்கள். அவளுக்குத் தெரியும், அங்கே ஓட்டை இல்லை. தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நயீம் அகமது டீ வாங்கி வந்து கையில் கொடுத்தான். வாசனை மூக்கில் ஏறியதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"சிஸ்டர்! நான் குடுத்தேன்! தலைவலி மாத்திரை, நேத்துகூடக் குடுத்தேன். தினம் டீயோட குடுப்போம்."

ஃபீபி அட்டையை வாங்கிப் பார்த்தாள். "இதத்தானே கேட்டேன்? ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு இருக்கு. காயம் பட்ட எடத்துல போய் அடைக்கறது அதுதான். இந்த மாத்திரை அத வேலை செய்ய விடாது. எங்க டெஸ்ட்டுக்கு இது புடிபடாது. ஒருத்தர் சொன்னாத்தான் தெரியும்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஃபீபி திட்டவில்லை. "நல்ல தட்டணு வேணும் இப்ப. ரத்தம் குடுக்க வந்தவங்க எங்க?"

லைன் ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஃபீபிக்குச் சட்டென்று என்னமோ தோன்றியது. "நீங்க எல்லாம் எந்த செக்‌ஷன்?"

"பசை லைன், சிஸ்டர்."

"இந்த மாத்திரைய நீங்களும் போட்டீங்களா?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தலையைச் சொறிந்தான். "நேத்து டபுள் சிஃப்ட் சிஸ்டர்... ரெண்டு போட்டேன்."

"நான் போடல" என்று இன்னொருவன் ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்தவன், "டேய், எங்கிட்டதானே வாங்கிப் போட்ட!" என்றான்.

ஒருத்தர் ரத்தமும் இதற்கு உதவாது. அத்தனை பேரும் விஜயகுமாரி கையால் வாங்கித் தின்றவர்கள்.

வெட்டுற செக்‌ஷனில் பசை இல்லை. நயீம் அகமது ஒருவன்தான் மாத்திரை தொடாதவன். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "மேல்விஷாரத்துல எங்க அக்கா வஜீதா வூட்டுக்கு போன் போடு கோபி. மாமா, அவர் தம்பிங்க எல்லாரையும் வரச் சொல்லு. பேஜாராவாத" என்றான். அவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். சோதித்து, பொருந்தியவர்களிடம் எடுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஃபீபி வந்து, ரத்தம் நின்றுவிட்டது, பிழைத்துக்கொண்டாள் என்றாள். கோபி நயீமைக் கட்டிக்கொண்டு அழுதான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

பூங்குழலிக்குத் தெளிந்து பேச்சு வந்ததும், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் விஜயகுமாரி தானே போய்ச் சொன்னாள். மாத்திரையைச் சொன்னாள், வாய் மூடி உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள்.

"மாத்திரைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணி. நானும் கேட்டு வாங்கித் தின்னவதான். அந்த சிஸ்டர் கேட்டப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டாவது தடவை திறக்க விட்டீங்களே."

இரண்டு முறை திறந்த நெஞ்சு ஆற ரொம்ப நாள் எடுத்தது. சீழ் வைத்தது, எலும்பு சேராமல் அடம்பிடித்தது. இடது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போனதால் பூங்குழலி தலைபின்ன அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. சாமிநாதன் பெண்ணை மாதனூருக்கே அழைத்துக்கொண்டார். கோபியும் கூடவே போனான். ஆம்பூர் வீட்டில் விஜயகுமாரி தனியாக நின்றாள். லைனில் மாத்திரை கொடுப்பதை அவள் நிறுத்தினாள். ஆட்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வாடையும் தலைவலியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பொங்கலுக்கும் ஆடிக்கும் அவள் மாதனூர் போவாள். பூங்குழலி நன்றாகத்தான் பேசுவாள். இலை போடுவாள், மழையைப் பற்றியும் கம்பெனியைப் பற்றியும் கேட்பாள். "உடம்பு எப்படி இருக்கு?" என்றால் மட்டும், "இருக்குது அண்ணி" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மேற்கொண்டு கேட்க விஜயகுமாரிக்கு வாய் வருவதில்லை. நயீம் அகமதுவைக் கண்டால் அவனிடம் விசாரித்துத் தெரிந்துகொள்வாள்.

பூங்குழலி இப்போது மாதனூரில், அப்பா வீட்டை ஒட்டிப் போட்ட ஓட்டு வீட்டில் கோபியோடு இருக்கிறாள். இரும்பு வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை. அது ஜாஸ்தியானாலும் ஆபத்து, கம்மியானாலும் ஆபத்து என்பதால் மாசா மாசம் ரத்தம் சோதிக்க வேலூர் போகிறாள். கோபி கூடப் போகிறான்.