பதினொரு கற்களும் நாற்பத்தொன்றாம் காகிதமும்

1931ஆம் ஆண்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் பின்வரிசையில், புடலங்காய் நேராகத் தொங்கிய வீடு ஒன்றே ஒன்றுதான். அது ஏழாம் நம்பர் வீடு. மற்ற வீட்டுக்காரர்களும் புடலை போட்டார்கள், பிஞ்சின் நுனியில் கல்லும் கட்டினார்கள், கட்டிவிட்டு மறந்துபோனார்கள். கல் நழுவி விழுந்ததும் காய்கள் தத்தம் விருப்பம்போல் வளைந்தும் முறுக்கிக்கொண்டும் வளர்ந்தன. ஏழாம் நம்பரில் குடியிருந்த, ரயில்களுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் இக்னேஷியஸ் அத்தகைய சுதந்திரத்தை எந்தக் காய்க்கும் வழங்கியவர் அல்லர். பிஞ்சு விரல் நீளம் வந்த அன்றே வாழைநாரில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். எந்தக் கல்லை எந்தக் காய்க்கு எந்தத் தேதியில் கட்டினார் என்பது நோட்டில் ஏறிவிடும். அவர் பந்தலின் கீழ் காய்கள் தண்டவாளம் போல இறங்கின.

ரயில்வே விதிப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே அவர் இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். ஆகையால் அந்த மொழியில் அவரால் எச்சரிக்கவும், தடைசெய்யவும், விளக்கம் கோரவும் முடிந்ததே ஒழிய, ஒருவரைச் சுகமா என்று விசாரிக்க முடியவில்லை. வேலையில் சேர்ந்த நாள்முதல் அவர் கைக்கு வந்த ஒவ்வொரு காகிதமும் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டியில் எண் இடப்பட்டுக் கிடந்தது. அவற்றின் பட்டியல் தனி நோட்டில் இருந்தது. மொத்தம் அறுபத்திரண்டு. பெரும்பாலானவை அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிகள். மீதி, அவற்றை ஆட்சேபித்து அவர் எழுதி, பதிலே வராத கடிதங்களின் நகல்கள்.

மனைவி மகதலேனாவுக்கு எழுத்து தெரியாது. விதை தெரியும், அடுப்பு தெரியும். பந்தலிலிருந்து இறங்கிய காயைப் பாசிப்பருப்போடு வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றிக் கூட்டு வைப்பாள். உள்ளிருக்கும் குடலையும் வீணாக்காமல், புளியும் வறமிளகாயும் சேர்த்து வதக்கித் துவையல் அரைத்துவிடுவாள். வேலியோரக் கத்தரிக்காய் நெத்திலிக் கருவாட்டோடு சேர்ந்து குழம்பாகும் நாளில், ரயில் என்ஜினுக்குக் கரி போடும் பக்கத்து வீட்டு ஃபயர்மேன் சபாபதிக்கு எப்படியாவது ஏழாம் நம்பரில் ஒரு வேலை வந்துவிடும்.

மே 31ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஸ்டோர் கிளார்க் கிளாரன்ஸைக் கோயில் பூசை முடிந்ததும் இக்னேஷியஸ் சாப்பிட அழைத்து வந்தார். கிளாரன்ஸ் மணமாகாதவர், கடைச்சோற்றில் காலம் தள்ளுகிறவர். கூட்டை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ வந்தவர், பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"கல்லெல்லாம் ஒரே சைஸா இருக்கே அண்ணே, எங்க புடிச்சீங்க?"

"எல்லாம் லைன் கல்லு தம்பி. ஆத்துக் கல்லு நாருக்கு நிக்காது, வழுக்கிரும். இது கிரானைட்டு" என்று இக்னேஷியஸ் பெருமையோடு சொன்னார்.

நான்காம் நாள் ஓர் அலுவலகக் கடிதம் வந்தது. அரசாங்கச் சொத்தாகிய ஜல்லிக்கல் பதினொன்றைத் தண்டவாளப் பாதையிலிருந்து சொந்த உபயோகத்துக்கு எடுத்துச் சென்றதாக ஸ்டோர் கிளார்க் புகார் செய்திருப்பதாகவும், ஜூன் 15ஆம் தேதி காலை பத்து மணிக்கு என்ஜினியர் துரையின் முன் விளக்கம் தரவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. மறுநாளே கிளாரன்ஸ் இரண்டு ஆட்களோடு வந்து கற்களை அவிழ்த்து, சாக்கில் போட்டுக்கொண்டு போனார். இக்னேஷியஸ் ரசீது கேட்டார். கிடைக்கவில்லை. அதை ஆட்சேபித்து எழுதினார்.

கல்தானே என்று சிரிக்கக்கூடிய ஆண்டு அது அன்று. ரப்பரும் ஈயமும் விலைபோகாமல், ரயில்வேயில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. பெயருக்கு நேரே சிறு கறை இருந்தாலும் அந்த ஆள்தான் பட்டியலில் முதலில் நின்றான். குற்றம் உறுதியானால் வேலை போகும், வீடு போகும், மூன்று வருடம் சாணமும் சாம்பலும் கொட்டிப் பண்படுத்திய மண் போகும். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறி ஊர் திரும்பவேண்டியதுதான்.

ஆனால் இக்னேஷியஸ் கலங்கவில்லை. ஏனெனில் அவரிடம் நாற்பத்தொன்று இருந்தது. 1929இல், வீட்டின் பின்னால் வாய்க்காலில் சரிந்து கிடந்த ஜல்லிக்கற்களை ஏழாம் நம்பர் வீட்டில் இருப்பவரே அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று அப்போதிருந்த லைன் இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டு அனுப்பிய உத்தரவு அது. ரயில்வேயின் கல்லை ரயில்வேயே அள்ள வேண்டும் என்று அவர் அன்று மூன்று பக்கம் ஆட்சேபித்தார், பிறகு அள்ளினார், அள்ளியதில் பதினொன்றைப் பந்தலுக்கு எடுத்துக்கொண்டார். எந்த உத்தரவை அநீதி என்று எழுதிவைத்தாரோ, அதுவே இப்போது அவரைக் காக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தார். நாற்பது இருந்தது. நாற்பத்திரண்டு இருந்தது.

மூன்று முறை கொட்டிக் கவிழ்த்தார். "மகதலேனா, நாற்பத்தொண்ணு எங்க?" என்று காலையில் கேட்டார். "நாற்பத்தொண்ணப் பாத்தியா?" என்று வேலைக்குப் போகுமுன் கேட்டார். இரவுச் சோற்றின் முன்னாலும் அதையே கேட்டார்.

"என்னங்க, நாற்பத்தொண்ணு நாற்பத்தொண்ணுன்னா எனக்கு என்ன தெரியும்? நாற்பத்தொண்ணு வெண்டைக்காயா, நாற்பத்தொண்ணு முட்டையா?"

"அது ஒரு டாக்குமெண்டு!"

"அப்ப அது ஒங்க பெட்டிக்குள்ளதான் இருக்கும். என் அடுப்புல டாக்குமெண்டு வேகறதில்ல."

இதற்கிடையே கல் இழந்த காய்கள் தங்கள் இயல்பைக் காட்டத் தொடங்கின. ஒன்று கொக்கி போல மேலே திரும்பியது. ஒன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. சபாபதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நாள்தோறும் செய்தி சொன்னார்.

"அண்ணே, கல்லு போனதும் ஒங்க காயும் எங்க காய் மாதிரியே ஆட்டம் போடுது லா! நேத்து ஒண்ணு வேலியத் தாண்டி வந்து எங்க கொடியக் கையப் புடிச்சிருக்கு. நல்ல எடத்துச் சம்பந்தம்னு நானும் விட்டுட்டேன்."

இக்னேஷியஸ் விளக்கக் கடிதத்தின் ஏழாம் பத்தியை எழுதிக்கொண்டிருந்தார்.

ஜூன் 15 விடிந்தது. மகதலேனா வளைந்த காய் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் வளைவுகளுக்குள் கத்தி நுழையாமல் சலித்துக்கொண்டிருந்தாள். இக்னேஷியஸ் சட்டைப் பொத்தான்களைப் போட்டபடி அடுக்களை வாசலில் நின்றார். முதன்முறையாக எண்ணைச் சொல்லாமல் அடையாளம் சொன்னார்.

"தடிச்ச காகிதம். மஞ்சளா இருக்கும். ஓரத்துல வட்டமா ஒரு செகப்பு முத்திர. அது மட்டும் இருந்தா…"

கத்தி நின்றது. மகதலேனா மெல்ல அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே, உத்தரத்தில் கட்டிய கயிற்றில், புகை படிந்த விதைப் பொட்டலங்கள் வரிசையாகத் தொங்கின.

"செகப்பு முத்திரயா?" என்றாள். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"எடுத்தியா?"

"போன வருசம் விதைக்குக் காகிதம் கேட்டேன், தரமாட்டேன்னுட்டீங்க. பெட்டியில மத்ததெல்லாம் மெலிசு. இது ஒண்ணுதான் பூச்சி தொளைக்காத மாதிரி திடமா இருந்திச்சி." முக்காலியில் ஏறி நான்காவது பொட்டலத்தை அவிழ்த்தாள். "புடலை விதை. இந்தத் தட்டுல கொட்டிட்டுக் கொண்டு போங்க. ஒண்ணு கொறையக் கூடாது."

கொட்டுவதற்கு அவருக்கு நேரம் இல்லை. விதையோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வளைந்த காய்களில் மோசமானதாகப் பார்த்து ஒன்றை அறுத்து, காகிதத்தில் சுற்றி, 'சான்று இரண்டு' என்று எழுதிக் கையில் எடுத்துக்கொண்டார்.

என்ஜினியர் துரையின் மேசையில் பதினொரு கற்களும் சாக்கின்மேல் அடுக்கியிருந்தன. கிளாரன்ஸ் பக்கத்தில் நின்றார். இக்னேஷியஸ் உத்தரவை விரித்தபோது சாம்பலும் பழுப்பு விதைகளும் மேசையெங்கும் சிதறின. துரை காகிதத்தைத் தூக்கி முகர்ந்தார், இரண்டு முறை தும்மினார், பிறகு படித்தார். கையெழுத்தையும் முத்திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்து விளக்கக் கடிதத்தை எடுத்தார். ஏழாம் பத்தி வந்ததும் வாய்விட்டே வாசித்தார்: "மேற்படி கற்களால் விளைந்த பொருளை, புகார்தாரர் மே மாதம் முப்பத்தோராம் தேதி பிற்பகலில், இரண்டு முறை கேட்டு வாங்கி உட்கொண்டுள்ளார்."

துரை கிளாரன்ஸைப் பார்த்தார். "உண்மையா?"

"உண்மைதான், ஐயா."

"எப்படி இருந்தது?"

கிளாரன்ஸின் காது சிவந்தது. "மிகவும் நன்றாக இருந்தது, ஐயா."

துரை வளைந்த காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்புறப்படுத்தச் சொன்னோம்; அப்புறப்படுத்தியிருக்கிறார். எந்த இடத்துக்கு என்று நாம் சொல்லவில்லையே. குற்றம் இல்லை. கற்களை இவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடு."

அறையிலிருந்தவர்கள் கலைய முற்பட்டார்கள். இக்னேஷியஸ் நகரவில்லை. குற்றம் இல்லை என்பதை எழுத்தில் கேட்டார். கிடைத்தது. நாற்பத்தொன்றைத் திருப்பிக் கேட்டார். அதுவும் கிடைத்தது. பிறகு மேசையின்மேல் குனிந்து விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். துரை தம் மைக்கூட்டைத் தூக்கிப் பிடித்து உதவினார்.

அன்று மாலை கிளாரன்ஸே சாக்கைச் சுமந்து வந்து வேலியருகே இறக்கினார். இம்முறை கேட்காமலே ரசீது எழுதி நீட்டினார். மகதலேனா அவரைப் பார்த்து, "வந்ததே வந்தீங்க தம்பி, சாப்புட்டுப் போங்க. வளஞ்ச காய்க் கூட்டுத்தான். திங்கறதுக்குப் பயமில்லையே?" என்றாள். அவர் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்கத் துணியவில்லை, அவளே போட்டாள்.

அவர் போனதும் அவள் கணவரிடம் கையை நீட்டினாள். "என் விதை?"

எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது.

"துரை மேசை இடுக்குல விழுந்திருச்சி" என்றார் இக்னேஷியஸ்.

"அப்ப அதுக்கு ஒரு ஆட்சேபணை எழுதிப் போடுங்க. சரி, காகிதம்?"

இக்னேஷியஸ் நாற்பத்தொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தகரப்பெட்டியைப் பார்த்தார். நான்கு காகிதங்களின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது அவருக்குத் தெரியும். புகையில் தொங்கிய இதன்மேல் ஓர் ஊசித்துளைகூட இல்லை. அவர் அதை அவளிடம் கொடுத்தார். அன்று வாங்கி வந்த 'குற்றம் இல்லை' கடிதத்தையும் கொடுத்தார்; அதில் அவள் கத்தரி விதையை மடித்தாள்.

பட்டியல் நோட்டை எடுத்து, அடிக்கோல் வைத்து, 'இருக்குமிடம்' என்று புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். நாற்பத்தொன்றுக்கு நேரே, 'அடுப்புக்கு மேல், இடமிருந்து நான்காவது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதன்பின் வாழைநாரைக் கிழித்துக்கொண்டு, கற்களைக் கட்டப் பந்தலுக்குப் போனார்.