ஞானச்செல்விக்கு வராத மெயில்கள்

பிரெஞ்சு பேசுற ஊரான புவாண்ட்-கிளேரில இருக்கிற எங்கட ஒஃபிஸில மெயில் சேர்வரைப் பாக்கிறது நான்தான்.

புதுசா வேலைக்குச் சேர்ந்த ஞானச்செல்வி இண்டைக்குக் காலமை என்ர மேசைக்கு வந்தா.

"அண்ணை, என்ர மெயில் முகவரியை 'ஜினா' எண்டு மாத்திவிடுறீங்களோ?"

"ஏன் பிள்ளை?"

"கஸ்டமர்மார் என்ர பேரைப் பிழையா அடிக்கினம். மெயில் திரும்பிப் போகுது. நான் பதில் போடுறேல்லை எண்டு மனேஜரிட்ட முறைப்பாடு. சின்னப் பேரொண்டு வையும் எண்டு அவர் சொல்லிப்போட்டார்."

ஞானச்செல்வி எண்டது அவவின்ர அப்பா ஆசையா வைச்ச பேராம்.

"பேரை ஒண்டும் மாத்த வேண்டாம், பொறும்," எண்டன்.

திரும்பிப் போன மெயில்களைத் தேடி எடுத்தன். நானாசெல்வி, ஞானசில்வி, ஜனசல்வா... ஆரார் எப்பிடி எழுதிச்சினமோ, எல்லாத்தையும் அவவுக்கே மாற்று முகவரியா, ஏலியஸாப் போட்டுவிட்டன். இனி எந்தப் பேருக்கு அனுப்பினாலும் அவவின்ர பெட்டிக்குத்தான் வந்து விழும்.

பின்னேரம் ஓடி வந்தா. "அண்ணை, ஜனசல்வாவுக்கு மெயில் வந்திட்டுது!"

பதில் போட்டு, அடியில முழுப்பேரையும் பெரிய எழுத்தில எழுதி அனுப்பினாவாம். உடனே பிரெஞ்சில நன்றி சொல்லி மறுபதில் வந்ததாம்:

"மெர்சி, மிஸ்டர் செல்வம்!"

ரெண்டு பேரும் கண்ணில தண்ணி வரச் சிரிச்சம். செல்வத்தையும் சேர்வரில சேத்துவிட்டன்.

உங்கட பேர் இஞ்ச என்ன பாடு படுது? கீழ எழுதுங்கோ, அந்தப் பிழையோடயே.