என் காலுக்கு முன்னால் அவன் விரல்

முட்டாள்தனத்தில் எனக்கு நிகர் நானே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நாலு கோல் போட்ட காலுக்கு உலகத்தில் எந்தப் பந்தும் அடங்கும் என்று நம்பிக்கொண்டு ரொறன்ரோவில் வந்து இறங்கியவன் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். இந்த நாட்டு ஃபுட்போலில் முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிவார்கள். ஆளை ஆள் இடித்து விழுத்துவார்கள். உதைப்பதற்கென்றே ஒருவன் தனியாக இருப்பான். இன்னொருவன் முழங்காலில் நின்று பந்தை ஒற்றை விரலால் நிலத்தில் நிறுத்திப் பிடிக்க, இவன் ஓடிவந்து இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவால் உதைக்க வேண்டும். போனால் மூன்று புள்ளி. என் எலும்புக்கூட்டு உடம்பைப் பார்த்துச் சிரித்த பயிற்சியாளர், உதையைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

எனக்குப் பந்து பிடித்தவனும் எங்கள் ஆள்தான். சின்ன வயதிலேயே வந்து, ரொறன்ரோவில் டோர்செட் பார்க் என்ற பகுதியில் வளர்ந்தவன். ஒக்ரோபர் மாத ஈரப்புல்லில் பயிற்சி செய்யும்போது, ஊன்றிய கால் எனக்கு வழுக்கிவிட்டது. என் சப்பாத்து பந்தை விட்டுவிட்டு அவனுடைய சுட்டுவிரலை உடைத்தது.

அதோடு என் கால் செத்துப்போயிற்று. ஓடிவரும்போது பந்து கண்ணில் படாது, விரல்தான் படும். கடைசி நொடியில் காலை இழுத்துக்கொள்வேன். பந்து கோழி மாதிரித் தத்தித் தத்திப் போகும். கம்பத்தை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று பகிடி விடுவேன். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். பயிற்சியாளர் வேறு உதைகாரனைத் தேடத் தொடங்கினார்.

விரலில் தகடு வைத்துக் கட்டியபடி அவன் திரும்பி வந்தான். எனக்கு இன்னும் ஒரு ஆட்டம் கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளரோடு மல்லுக்கட்டினான். பந்தைத் தானே பிடிப்பதாகவும் சொன்னான்.

"உனக்கென்ன விசரே? வேறை ஆரும் பிடிக்கட்டும்" என்றேன்.

"வேறை ஆரும் பிடிச்சா அவன்ரை விரலையும் உடைப்பாய். இது உடைஞ்ச விரல்தானே. பொத்திக்கொண்டு உதையடா."

அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் சமபுள்ளி. மழை தூறிக்கொண்டிருந்தது. இதையும் கோட்டை விட்டால் என் இடம் போய்விடும். அவன் முழங்காலில் நின்று, கட்டுப்போட்ட கையால் பந்தை நிறுத்தினான். அந்த வெள்ளைக் கட்டு துளிகூட அசையவில்லை. பயமே அறியாதவன் என்று நினைத்தேன். அந்தத் துணிவை நம்பி, பல நாட்களுக்குப் பிறகு முழுப் பலத்தோடும் உதைத்தேன்.

பந்து கம்பத்துக்கு வெளியால் போனது! ஆனால் கனடா ஆட்டத்தில் ஒரு கருணையான விதி உண்டு. குறி தவறிய பந்தும் பின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டால் ஒரு புள்ளி. என் வழக்கமான கோழி உதையாக இருந்திருந்தால் பாதியிலேயே படுத்திருக்கும். இது தாண்டிவிட்டது. பிழையாக உதைத்து வென்று கொடுத்த பெருமை எனக்கு.

இன்றைக்கும் யாராவது என்னை நம்பி நிற்கும்போது, அவர்களுக்குப் பயமில்லை என்று நான் நினைத்துக்கொள்வதில்லை. காரணம், ஆரவாரத்துக்கு நடுவில் ஓடிப்போய் அவனிடம் நான் கேட்ட கேள்வி.

"மச்சான், பந்து போன போக்கைப் பாத்தனியே?"

"நானெங்கை பாத்தன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டெல்லோ இருந்தனான்."