நான் ஒருமனதாகச் சம்மதித்த கதை

என்னைப் பற்றி பேப்பரில் முதன்முதலாக வந்த செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன். 'மற்றும் பலர் கலந்துகொண்டனர்' என்று முடிகிறது. அந்தப் பலரில் ஒருத்தி நான். பதவியேற்பு என்னுடையது. உறுதிமொழி எடுத்தது நான், கையெழுத்துப் போட்டது நான். படத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டு நிற்பவர் மட்டும் என் வீட்டுக்காரர். அவர் பெயருக்கு முன்னால் 'கவுன்சிலர்' என்று போட்டிருந்தது.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு பேரூராட்சி எங்களுடையது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். பயம்தான், வேறென்ன? வீட்டுக்காரர் கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அவருக்குத்தான் கவுன்சிலர் ஆசை. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்றதும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, "நீ நில்லு, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் நின்றேன். அவர் பார்த்துக்கொள்ள நான் விடவில்லை, அது வேறு சண்டை.

ஓட்டுக் கேட்டு என்னோடு வீடு வீடாக நடந்தவர் குழாயடிக்கு எதிர்வீட்டு அக்கா. திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில் பூ விற்பவர். வாய் கொஞ்சம் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. எங்கள் வார்டுக்குக் குடிதண்ணீர் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து வருகிறது. அந்தக் கிணற்றை ஒட்டி ஊர்க் குப்பையைக் கொட்ட இடம் பார்க்கிறார்கள் என்று அப்போதே பேச்சு. ஒவ்வொரு வாசலிலும் அக்கா என்னை முன்னால் தள்ளி, "சொல்லும்மா, இவங்களுக்குச் சொல்லு" என்பார். நான் இருக்கும்வரை அங்கே ஒரு கூடைக் குப்பை விழாது என்று சொல்வேன். எல்லா வாசலிலும் சொன்னேன். அந்த ஒரு வாக்குறுதியை வைத்துத்தான் ஜெயித்தேன்.

ஆறே மாதத்தில் குப்பைக் கிடங்குத் தீர்மானம் கூட்டத்துக்கு வந்தது. எங்கள் கூட்டம் நடக்கும் அழகைச் சொல்ல வேண்டும். முதலில் டீயும் போண்டாவும் வரும். பின்னாலேயே தீர்மானப் புத்தகம் வரும். அதில் வெறும் பக்கத்தின் அடியில் எல்லோரும் வந்ததற்குக் கையெழுத்துப் போடுவோம். மேலே என்ன தீர்மானம் என்பதைக் கிளார்க் அப்புறம் எழுதிக்கொள்வார். இது எப்போதிருந்து வழக்கம் என்று கேட்டால், எப்போதுமே இப்படித்தான் என்பார்கள். நானும் போண்டாக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். புத்தி வேண்டாமா எனக்கு?

தலைவர் படபடவென்று பொருள்களை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் மேஜையைத் தட்டினார்கள். கிடங்கு வந்ததும் நான் எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. "எனக்குச் சம்மதம் இல்லை. அது எங்கள் குடிதண்ணீர்க் கிணறு" என்றேன். தலைவர் என்னைப் பார்த்தார். "உக்காரும்மா, வூட்டுக்காரரை அனுப்பு, பேசிக்கலாம்" என்றார். நான் உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். நின்றுகொண்டிருந்தபோதே அடுத்த நான்கு பொருள்களும் நிறைவேறின. ஆனாலும் மனசுக்குள் ஒரு பெருமை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன்.

மறுநாள் காலையில் அக்கா பேப்பரும் கையுமாக வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? ஒருமனதான்னு போட்டுகீது?"

வாங்கிப் பார்த்தேன். 'ஏரிக்கரையில் குப்பைக் கிடங்கு: தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றம்.' கூட எப்போதும் போடும் பழைய கூட்டப் படம். மாற்றலாகிப் போய்விட்ட செயல் அலுவலர் அதில் இன்னும் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போன வருஷம் செத்துப்போன ஒரு கவுன்சிலர் கொட்டாவி விடுகிறார். அவரும் ஒருமனதாகச் சம்மதித்துவிட்டார் போலிருக்கிறது.

"அக்கா, நான் எதிர்த்தேன்க்கா. எழுந்து நின்னேன்" என்றேன்.

"பேப்பர்காரன் இன்னாத்துக்குப் பொய் எழுதப் போறான்?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நிருபர் திருக்கழுக்குன்றத்தில் இருந்தார், தேடிப் போனேன். கோவளத்திலிருந்து கருங்குழிவரை அவர் ஒருத்தர்தான், ஒரே ஒரு பைக். காலையில் நிருபர், மதியம் இன்சூரன்ஸ், சாயங்காலம் தலைவர்களின் பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் போர்டு. கெட்ட மனுஷர் இல்லை. உட்கார வைத்து, நாஸ்தா சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

"கூட்டத்துக்கே நீங்க வரலையே சார், எப்படி எழுதினீங்க?"

"எந்தக் கூட்டத்துக்கு மேடம் நான் வந்துகீறேன்? முந்தின நாளே தலைவர் ஆபீஸ்லருந்து வாட்ஸ்அப்ல வந்துடும். கூட்டத்தன்னிக்கு நான் அப்படியே தட்டி வுட்ருவேன். நாலு மணிக்குள்ள போவலைன்னா எடிஷன்ல எடம் கெடைக்காது. கூட்டம் முடிஞ்சப்புறம் எழுதினா அது பழைய நியூஸ் மேடம்."

"நடக்கறதுக்கு முன்னாடியே ஒருமனதா நடந்ததுன்னு எப்படித் தெரியும்?"

"நடக்காத கூட்டம் ஒண்ணுதான் எப்பவும் ஒருமனதா நடக்கும்" என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுப்புப் போட்டே ஆக வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றேன். சரி, போடறேன் மேடம் என்றார். போட்டார், சும்மா சொல்லக்கூடாது. இரண்டு நாள் கழித்து நான்கு வரி வந்தது. 'குப்பைக் கிடங்குத் தீர்மானத்துக்குக் கவுன்சிலர் கடும் எதிர்ப்பு.' பக்கத்தில் வீட்டுக்காரரின் படம், மாலையோடு.

அடப்பாவிகளா! கூட்டம் நடந்த நேரத்தில் அவர் கோவளத்தில் பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான், நான் எதிர்க்கப் போகிறேன் என்று சொன்னதற்காக என்னோடு சண்டை போட்டிருந்தார். அந்த மனுஷருக்கு டீக்கடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, போர்த்திக்கொண்டு வந்தார். மறுநாள் தலைவர் கூப்பிட்டு அனுப்பியதும்தான் முகம் வெளுத்தது. ஓடிப்போய், "நான் அந்தப் பக்கமே வரலை தலைவரே, பேப்பர்காரன் தப்பா போட்டுட்டான்" என்றார். தலைவர் உடனே நம்பிவிட்டார். அவர் சொன்னால் மட்டும் பேப்பர் தப்பு.

குழாயடியில் கதை இன்னும் மோசமாகிவிட்டது. வீட்டுக்காரர் எதிர்த்தாராம், நான்தான் சம்மதித்தேனாம். அக்கா வார்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் நாளில் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனார். என்னைக் கூப்பிடவில்லை. அங்கே ஒரு அதிகாரி தீர்மானத்தின் நகலைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். உங்க கவுன்சிலரே கையெழுத்துப் போட்டிருக்காங்களே, நீங்க ஏம்மா இங்க வந்தீங்க என்று கேட்டாராம். வெறும் பக்கத்தில் நான் போட்ட கையெழுத்து, தீர்மானத்துக்கு நேர் கீழே பளிச்சென்று இருந்திருக்கிறது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா நேராக என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"உன்னை இட்டுகினு வூடு வூடா அலைஞ்சேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்."

"அக்கா, உள்ள வாங்க, நான் சொல்றதைக் கேளுங்க."

"கையெழுத்தைப் பாத்துட்டு வந்துகினு கீறேன். இனிமே இன்னா கேக்கறது?"

போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பேரூராட்சி ஆபீசுக்குப் போய்க் கிளார்க் மேஜைமுன் நின்றேன். நான் எதிர்த்ததை ஏன் எழுதவில்லை என்று சத்தம் போட்டேன். ரிடையர் ஆகப் போகிற மனுஷர். நிதானமாகத் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பேப்பர் துண்டு, கத்தரித்து, குண்டூசி குத்தி இருந்தது.

"கூட்டத்துல ஒரே கூச்சலும்மா. எனக்கு ஒரு காதுதான் கேக்கும். மறுநாள் பேப்பரைப் பாத்து எழுதிடுவேன். பேப்பர்ல வந்தா தப்பா இருக்காது பாருங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். தலைவர் ஆபீஸ் எழுதியதை நிருபர் நம்புகிறார். நிருபர் போட்டதைக் கிளார்க் நம்புகிறார். கிளார்க் எழுதியதைச் செங்கல்பட்டு நம்புகிறது. செங்கல்பட்டு சொன்னதை அக்கா நம்புகிறார். இதில் யாரைப் போய்த் திட்டுவது? எழுந்து நின்ற என்னை மட்டும்தான் நம்புவதற்கு ஆள் இல்லை.

ஏரிக்கரையில் கிடங்குக்கு எல்லைக் கல் நடுவதற்கு ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தது. அதற்குள் ஒரு கூட்டம் இருந்தது. அன்றைக்கே கோவளத்தில் தலைவரின் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம். தலைவரும் அவர் ஆபீசும் மொத்தமாக அங்கே போகிறார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார், அவர்களை ஏற்றிப்போவதே இவர் வேன்தான். கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து போனில் தட்ட ஆரம்பித்தேன். பொய்தான். தெரிந்தேதான் எழுதினேன். கை நடுங்கவில்லை. உண்மையைச் சொல்ல எழுந்தபோது நடுங்கிய அளவுகூட நடுங்கவில்லை.

'குப்பைக் கிடங்குத் தீர்மானம் ரத்து: மக்களின் குடிநீரைக் காத்த தலைவர்' என்று தலைப்பு வைத்தேன். தலைவர் தலைமை தாங்கினார் என்றேன். தாய்மார்களின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கினார் என்றேன். ரத்துத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்றேன். என் பெயரை எங்கேயும் போடவில்லை. என் பெயர் இருந்தால் தலைவர் மறுப்புக் கொடுப்பார். அவர் பெயரே எட்டு இடத்தில் இருந்தால் எப்படிக் கொடுப்பார்? தலைவர் ஆபீசில் எல்லோரும் கல்யாண வேலையில் இருக்கிறார்கள், என்னை அனுப்பச் சொன்னார்கள் என்று ஒரு வரி சேர்த்து, மூன்றரைக்கு நிருபருக்கு அனுப்பினேன். உடனே பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

மறுநாள் கூட்டம் நடந்தது. துணைத் தலைவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே தலைமை தாங்கினார். போண்டா வந்தது, புத்தகம் வந்தது, வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். ஆள் போதவில்லை என்று கால்மணி நேரத்தில் கலைந்தோம். குப்பையைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பேப்பர் வந்தது. ஒரு வார்த்தை மாறாமல் வந்திருந்தது. செய்தி கொடுத்துப் பழகியவர்களே இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்கள் என்று நிருபர் அப்புறம் என்னைப் பாராட்டினார். தலைவர் வீட்டில் காலை ஆறு மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டதாம். எட்டு மணிக்கு எங்கள் வார்டுப் பெண்கள் மாலையோடு போய் நின்றார்கள். தான் இல்லாத கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது அவருக்கு என்ன புதுசா? மாலையை வாங்கிக்கொண்டு, "எனக்கு மக்கள்தான் முக்கியம்" என்றாராம். பத்து மணிக்குக் கிளார்க் பேப்பரைக் கத்தரித்துக் குண்டூசி குத்தி, எங்கள் கையெழுத்துகளுக்கு மேலே ரத்துத் தீர்மானத்தை அழகான கையெழுத்தில் எழுதினார். தலைவர் படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டார். செங்கல்பட்டுக்கு நகல் போனது. கல் நட ஆள் வரவில்லை.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அக்கா இருந்தார். எனக்கு அவரிடம் சொல்ல வேண்டும்போல அப்படி ஒரு துடிப்பு. எனக்காக ஊரெல்லாம் நடந்த காலாச்சே.

அவரே பேசினார். நிறைய நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"பாத்தியாம்மா, அவரு எவ்ளோ நல்ல மனுசன். நீ கையெழுத்துப் போட்டு எங்களை வித்துட்ட. அவருதான் மீட்டுக் குடுத்தாரு."

குழாயடியில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். நான் எழுந்து நின்றேன்க்கா, கடைசிவரை உட்காரலைக்கா, ரத்தாகவே இல்லாததை ரத்தாக்கினது நான்தான்க்கா என்று தொண்டைவரை வந்தது. அங்கே சொன்னால் மத்தியானத்துக்குள் தலைவர் காதுக்குப் போய்விடும். கிளார்க் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார். அடுத்த வாரம் கிணற்றடியில் குப்பை லாரி வந்து நிற்கும்.

"ஆமாம்க்கா. அவருதான் காப்பாத்தினாரு" என்றேன்.

அக்கா தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு, என் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.