ஒயர் சொருகாத ஸ்பீக்கரில் வந்த குரல்

பேய், முனி என்று யாராவது கதை ஆரம்பித்தால் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். பத்தாவது வரைதான் படித்தேன், அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கள்ளக்குறிச்சியில் நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில்தான். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. எந்தச் சத்தமாக இருந்தாலும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது கிளம்புகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இப்போதும் எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு மத்தியானம் கடையில் நடந்தது ஒன்று இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன். பெரியவள் பாதியிலேயே சிரிப்பாள் என்று தெரியும். முழுதும் படித்துவிட்டுச் சிரி.

அப்போது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய், சின்னவன் பிறக்கவில்லை. நல்ல வெயில். கடைக்கு ஒரு குடும்பம் வந்தது. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு ஊர், கூலி வேலைதான். அவர் பெயர் ஏழுமலை, என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருப்பார். மனைவி அஞ்சலை, கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்று, அது உள்ளே வராமல் வாசலில் நின்றிருந்த என் பைக்கைத் தடவிக்கொண்டிருந்தது.

ஏழுமலை துண்டை அவிழ்த்து ஒரு சி.டி.யை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல ஒரு பாட்டு இருக்குது சார். எடுத்துக் குடுக்கணும்."

கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டின் ஓரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டியிருந்த தடம். கிளி விரட்டுவதற்காக வயலில் கட்டித் தொங்கவிட்ட தட்டு. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், வெயிலில் மின்னி மின்னிச் சுற்றும், பறவை கிட்டே வராது.

"எவ்ளோ நாளாண்ணா கொல்லையில கெடந்துது?"

"மூணு வெள்ளாமை தாண்டிடுச்சு சார். நான்தான் கட்டினேன். சினிமாப் பாட்டு சி.டி.ன்னு நெனைச்சிக்கினு ஏழெட்டைக் கட்டிவுட்டேன். போன வாரம் கயித்தை அவுக்கும்போதுதான் பாத்தேன், இவ பேரு பேனாவுல எழுதிக் கெடக்குது."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அஞ்சலை ஏழு மாசம் சுமந்துகொண்டிருந்தபோது ஆடி மாசம் ஊரில் கூழ் ஊற்றினார்களாம், மைக்கைக் கையில் கொடுத்து மாரியம்மன் பாட்டுப் பாடச் சொன்னார்களாம், மைக் செட்காரர் அதைப் பதிந்து ஒரு தட்டு கொடுத்தாராம். குழந்தை பிறந்து ஆறு மாசத்தில் அஞ்சலைக்குத் தொண்டையில் கட்டி, ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது.

"கொளந்தைக்கு இவ கொரலே தெரியாது சார். இவளும் கையத் தட்டித்தான் கூப்புடறா. கோழியக் கூப்புடற மாதிரி இருக்குதாம், கிட்டக்கூட போவ மாட்டேங்குது. எங்க அக்காவத்தான் அம்மான்றா. இவளை இன்னான்றா தெரியுமா? ஊமைன்றா. பக்கத்து வூட்டுப் புள்ளைங்க சொல்றதைக் கேட்டுக்கினு. ஒரே ஒருவாட்டி அந்தப் பாட்டக் கேட்டுடுச்சுன்னா, இவதான் உங்கம்மான்னு சொல்லிக் காட்டிடலாம்."

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை பாவம், கிளம்புவதற்கு முன்னால் தட்டின் பளபளப்புப் பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி வேட்டியால் துடைத்து எடுத்து வந்திருந்தார். எல்லோரும் செய்கிற தப்பு இது, பாட்டு அந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பாட்டு இருப்பது மேல்பக்கம், பெயர் எழுதுகிறோமே அதற்கு அடியில், மயிரிழைக் கனம்கூட இல்லாத ஒரு சாயப் பூச்சில். நாம் பதிகிற தட்டில் லேசர் வெளிச்சம் அந்தச் சாயத்தைச் சுட்டுச் சுட்டுப் பொட்டு வைக்கும். பொட்டு இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான், அதை எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டும். கீழ்ப்பக்கம் கீறினால் தேய்த்துச் சரி பண்ணலாம். மேல்பக்கம் உரிந்தால் பாட்டே உரிந்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் தட்டு மூன்று வெள்ளாமை வெயிலில் காய்ந்து சாயம் வெளுத்து, மேல்பூச்சு பாதிக்கு மேல் செதில் செதிலாகப் போய், நான் தூக்கிப் பிடித்தபோது கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் அதன் வழியாக அஞ்சலையின் முகம் தெரிந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லண்ணா," என்றேன்.

"ஒருவாட்டி போட்டுப் பாருங்க சார். அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துக்கிறோம்."

என்ன செய்வது, அவர் மனசு ஆறட்டும் என்று மேஜைமேல் திறந்துகிடந்த பழைய சிஸ்டத்தில் போட்டேன். இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த சிஸ்டத்தில் சவுண்டு கார்டு இல்லை. அழுக்கு எடுப்பதற்காகக் கழற்றி ஒரு பேப்பர்மேல் வைத்திருந்தேன். சவுண்டு கார்டுதான் டிரைவ் படித்துக் கொடுக்கிற எண்களை வாங்கி, ஏறி இறங்குகிற கரண்டாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்தக் கரண்டு ஸ்பீக்கருக்குள் இருக்கிற காகிதக் கூம்பைத் தள்ளித் தள்ளி இழுக்கும், அதுதான் நம் காதுக்குச் சத்தம். கார்டு இல்லையென்றால் எண்கள் எண்களாகவே நின்றுவிடும். டிரைவ் தட்டைக் கண்டுபிடிக்கிறதா இல்லையா என்று திரையில் பார்ப்பதற்குக் கார்டு தேவையில்லை, அதனால் நானும் மாட்டவில்லை. ஸ்பீக்கருக்குக் கரண்டு இருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, ஆனால் அதன் ஒயர் முனை எதிலும் சொருகாமல் மேஜைமேல் கிடந்தது.

தட்டு உள்ளே போனது. டிரைவ் சுற்றிப் பார்த்தது, லென்ஸ் மேலும் கீழும் ஏறி இறங்கித் தேடுகிற டிக் டிக் சத்தம், மறுபடி சுற்றியது, மறுபடி டிக் டிக். தட்டைப் போடவும் என்று திரையில் எழுத்து வந்தது. தட்டு உள்ளே இருக்கிறது, அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. இதைத்தான் சொன்னேன் என்று ஏழுமலை பக்கம் திரும்பி, கையை ஸ்பீக்கர்மேல் ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"பூவு. ஏ பூவு. இங்க வா, கண்ணு."

நம்பினால் நம்புங்கள், ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. கனமான குரல், அடி வயிற்றிலிருந்து வருகிற மாதிரி. சத்தம் வரும்போது ஸ்பீக்கர் டப்பா அதிரும், அந்த அதிர்வு என் உள்ளங்கையில் இருந்தது. தெருவில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று பெரியவள் சொல்வாள், என் கை தெருவில் இல்லையே. எஃப்.எம். இழுத்திருக்கும் என்பாள். எனக்கும் அது தோன்றியது, ஒயர் சும்மா கிடந்தால் சில நேரம் ரேடியோ இழுக்கும்தான். ஆனால் எந்த ரேடியோவில் பூவு, இங்கே வா என்று கூப்பிடப்போகிறார்கள். அஞ்சலையா என்றால், அந்த நேரத்தில் நான் கொடுத்த தண்ணீரை அவர் குடித்துக்கொண்டிருந்தார், டம்ளர் உதட்டில் இருந்தது.

பைக்கைத் தடவிக்கொண்டிருந்த குழந்தை திரும்பியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தது. நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், அது ஸ்பீக்கரைப் பார்க்கும், சத்தம் வருகிற பக்கம்தானே குழந்தைகள் போகும். அது ஸ்பீக்கரைத் தாண்டிப் போனது, என்னைத் தாண்டிப் போனது, நேராக அஞ்சலையிடம் போய் அவர் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு நின்றது. டம்ளர் கீழே விழுந்து தண்ணீர் ஓடியது, யாரும் எடுக்கவில்லை.

ஏழுமலையைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சார், யாரு சார் அது?"

"இன்னாண்ணா கேக்கிறீங்க. இவங்க கொரல்தானே?"

"இவ கொரல் இல்ல சார். பத்து வருசம் குடும்பம் நடத்திக்கிறேன், எனக்குத் தெரியாதா? இவ கொரல் மெலிசு, கணீர்னு இருக்கும். அதுவுமில்லாம பாப்பாவுக்குப் பூவரசின்னு பேரு வெச்சதே இவ கொரல் போனதுக்கு அப்புறம்தான் சார். எங்க கொலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டுத்தான் பேரு வெப்போம், அதுவரைக்கும் பாப்பாதான். இவ பூவுன்னு ஒருவாட்டிகூட வாயத் தொறந்து கூப்புட்டதில்ல."

அஞ்சலை வேகமாகத் தலையை ஆட்டினார். இல்லை என்று இல்லை, ஆமாம் என்று. தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார், என்னுடையது, என்னுடையது என்கிற மாதிரி. ஏழுமலை இல்லடி என்றார். அஞ்சலை மறுபடியும் தட்டினார், இன்னும் பலமாக. கண்ணில் தண்ணீர் ஊற்றியது, ஆனால் அது புருஷனிடம் சண்டை போடுகிற முகம். ஒரு கை நெஞ்சைத் தட்டியது, இன்னொரு கை குழந்தையின் தலையை விடவில்லை.

அதற்குப் பிறகு சவுண்டு கார்டை மாட்டினேன், ஒயரைச் சொருகினேன், ஆறு தடவை தட்டைப் போட்டேன், வேறு டிரைவிலும் போட்டேன். டிக் டிக் தவிர ஒன்றும் இல்லை. சாயங்காலப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். அஞ்சலை குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். நாலு வயதுக் குழந்தை, கால் தொங்கியது, ஆனாலும் அது இறங்கவில்லை. ஏழுமலை கடைசிவரை கேட்டுக்கொண்டே போனார்.

"நெசமா சொல்லு, உன் கொரலா அது?"

இதை நான் யாரிடமும் அதிகம் சொல்லவில்லை. குழந்தை அம்மாவிடம் போய்விட்டது, அதற்குமேல் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். போன வருஷம்தான் மறுபடி பிடித்துக்கொண்டது. பெரியவளே, பள்ளிக்கூட வேலைக்காக என்னை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி நீ கம்ப்யூட்டரில் பதிந்தாயே, ஞாபகம் இருக்கிறதா. போட்டுக் காட்டியபோது இது யார் குரல் என்று கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உங்க குரல்தாம்பா, தினமும் நாங்க கேக்கறது இதுதான் என்றாய். எனக்கு அது யாரோ மெலிசான குரல்காரன் மாதிரி இருந்தது. ஏன் என்று நீதான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாய். ஒருத்தர் பேசுவது மற்றவர்களுக்குக் காற்று வழியாக மட்டும் போகிறது, பேசுகிறவருக்கு அவருடைய எலும்பு வழியாகவும் போகிறது, அதனால் தன் குரல் தனக்குக் கனமாகக் கேட்கும், அந்தக் குரலை வெளியே வேறு யாரும் கேட்க முடியாது என்று.

அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். உடம்பு சரியில்லை என்று நினைத்தீர்கள்.

ஏழுமலை சொன்னது பொய் இல்லை, அவருக்குத் தெரிந்த குரல் அது இல்லை. அஞ்சலை சொன்னதும் பொய் இல்லை. அது அவர் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த குரல். வாயால் கூப்பிட முடியாத பூவு என்கிற பேரையும் அந்தக் குரலில்தான் உள்ளுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். அதை உள்ளேயிருந்து கேட்டவர் இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருத்தர்தான், அது பூவரசி, பிறப்பதற்கு முன்னால். அதனால்தான் குழந்தைக்குப் போக வேண்டிய இடம் தெரிந்திருக்கிறது. இதுவரைக்கும் ஏதோ ஒரு மாதிரி நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

எனக்குப் பிடிபடாதது வேறு. அந்தக் குரலை நானும் கேட்டேன். மேஜைக்கு இந்தப் பக்கம், ஸ்பீக்கர்மேல் கையை ஊன்றிக்கொண்டு, கடையில் உட்கார்ந்துதான் கேட்டேன் என்று உங்களிடம் எழுதியிருக்கிறேன். வெளியே இருக்கிறவனுக்கு அது கேட்டிருக்க முடியாதே. அந்த ஒரு நிமிஷம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.