பின்னால் நின்றவன்

சுத்தியலக்காவின் நிஜப் பெயர் வங்கிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். கைப்பேசி விளையாட்டில் அவள் எடுத்துக்கொண்ட ஆள், ஒரு கையில் கேடயமும் மறு கையில் சுத்தியலுமாக அணிக்கு முன்னால் போகிறவன். அதனால் கூட விளையாடியவர்கள் எல்லோரும் அவளைச் சுத்தியலக்கா என்றார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ அடிதடிக்காரி என்று தோன்றும். நேரில் பார்த்தால் நாற்பதைத் தாண்டிய, சற்றே பூசினாற்போன்ற உடம்புக்காரி. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவது வேலை.

அதிலும் அவள் கைக்கு வந்தது லேசான வேலை இல்லை. விளிம்பில்லாத கண்ணாடி என்று ஒன்று உண்டு. லென்ஸிலேயே துளை போட்டு, காதில் மாட்டும் காம்பை அதில் திருகி நிறுத்த வேண்டும். டிரில் மயிரிழை நழுவினால் லென்ஸ் விரிசல் விட்டுவிடும். முதலாளி அந்த டிரில்லை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். துளை போட்டு முடித்ததும் சுத்தியலக்கா கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து, போட்டுக்கொள்ளப் போகிறவர் பக்கமிருந்து ஒருமுறை பார்ப்பாள். "நம்ம பக்கத்துல இருந்து பாத்தா எல்லாமே நேராத்தான் தெரியும்" என்பாள்.

விளையாட்டு ஐந்து பேருக்கு ஐந்து பேர். சுத்தியல்காரன் முதலில் போய் எதிரிகளின் அடியை எல்லாம் வாங்க வேண்டும். அவனுக்குப் பின்னால் வைத்தியன் ஒருவன் நின்று, அடி வாங்க வாங்க உயிர் ஏற்றிக்கொண்டே இருப்பான். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்பினால் கேடயம் இறங்கிவிடும், ஆள் காலி. ஆகவே பின்னால் நிற்பவன் நிற்கிறான் என்று நம்பித்தான் போக வேண்டும். சுத்தியலக்காவுக்கு அந்த நம்பிக்கையில் ஒரு குறையும் இருந்ததில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற வைத்தியன் அவளுடைய சொந்தத் தம்பி.

"முன்னாடி போக்கா, நான் பின்னாடி இருக்கேன்" என்று இயர்போன் வழியே காதுக்குள் தம்பி சொல்வான். அவள் போய்விடுவாள். அவ்வளவுதான். மற்ற மூவரும் தம்பியின் ஆபீஸ் நண்பர்கள், அவர்கள் சுடுகிறவர்கள். கடை விட்டு வந்து, முகம் கழுவி, சோபாவின் மூலையில் காலை மடக்கி உட்கார்ந்தால் அவள் வேறு ஆள். கடையில் "ம்", "சரி சார்" என்பதைத் தாண்டாத வாய், இங்கே "டேய், இடது பக்கம் வாங்கடா, தூங்குறீங்களா?" என்று ஊரைக் கூட்டும். பள்ளி வேன் ஓட்டுகிற அவள் கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

"செத்துட்டியா? அப்ப சாப்பிடலாமா?"

"உயிரோடதான் இருக்கேன், பேசாம இருங்க."

கல், செம்பு, வெள்ளி, தங்கம் என்று அந்த விளையாட்டில் படிகள். வெள்ளியின் மேல்படி வரை வந்திருந்தார்கள். நகரப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதாகப் பேச்சு அடிபட்டது. அப்போதுதான் தோற்கத் தொடங்கினார்கள். ஒருநாள் இரண்டுநாள் தோல்வி என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இது வாரக்கணக்கில் போனது. ஒவ்வொரு முறையும் ஒரே கதை: சுத்தியலக்கா முன்னால் போவாள், முதல் ஆளாக விழுவாள், அதோடு அணி சரிந்துவிடும். வெள்ளியிலிருந்து செம்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

தம்பி ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி பேசினான். "உன் மேல தப்பில்லக்கா. வயசாக ஆகக் கை கொஞ்சம் மெதுவாகும். கேடயத்தை லேட்டாத் தூக்குற, அவ்ளோதான். ரீப்ளே எல்லாம் போட்டுப் பாக்காத, மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

அவள் நம்பினாள். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டம்ளரைத் தூக்கும்போது தன் விரல்களையே பார்த்தாள். நடுங்குகிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் யார் விரலும் நடுங்கத்தான் செய்யும், அது அவளுக்குத் தோன்றவில்லை. ஒருநாள் காலை முதலாளியிடம் போய் நின்றாள்.

"சார், டிரில்லை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. என் கை முன்ன மாதிரி இல்ல."

"என்னம்மா, ஒரு லென்ஸ்கூட உடையலையே?"

"உடையறதுக்கு முன்னாடி சொல்றேன் சார்."

முதலாளி அரைமனதாகச் சரி என்றார். டிரில் பக்கத்து மேசைக்காரிக்குப் போனது. சுத்தியலக்கா முன்கடைக்கு வந்து, முடிந்த கண்ணாடிகளைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் அவளைத் தாண்டிச் சுவர்க் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

விளையாட்டை விட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்டாள். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "விட்டா எனக்கு நல்லதுதான், நேரத்துக்குச் சாப்பிடலாம். ஆனா நீ சத்தமாப் பேசுறதே அதுலதானே" என்றார். வெங்காயத்துக்காகவா, இதற்காகவா தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பியிடமும் சொன்னாள். அவன் வேண்டாம் என்பான், கெஞ்சுவான் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. "உன் இஷ்டம்க்கா, உடம்புதான் முக்கியம். உன் இடத்துக்கு ஆள் பாத்துக்கலாம்" என்று அவன் உடனே சொன்னான். சுருக்கென்றது. தம்பிதானே, என் நல்லதுக்குத்தான் சொல்கிறான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுவது என்று உட்கார்ந்தாள். அழிக்கும் முன், கை எந்த இடத்தில்தான் தாமதிக்கிறது என்று ஒரே ஒருமுறை பார்த்துவிடத் தோன்றியது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். விளையாட்டு, பேச்சோடு சேர்த்துப் பதிந்து வைத்திருந்த கடைசி ஆட்டத்தின் ரீப்ளேயைப் போட்டாள்.

கேடயம் நேரத்துக்கு ஏறியது. மறுபடி போட்டாள். ஏறியது. அடி விழுகிறது, கேடயம் தாங்குகிறது, ஆனால் உயிர்தான் வடிந்துகொண்டே போகிறது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழக்க தோஷம், கண்ணாடியைத் திருப்புகிற மாதிரி அடுத்த பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று தம்பியின் பெயரைத் தொட்டாள். ரீப்ளேயில் யார் பக்கமிருந்தும் பார்க்கலாம்.

தம்பியின் கண்ணில் அவள் முதுகு தெரிந்தது. "முன்னாடி போக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தியன் ஒரு சுவருக்குப் பின்னால் நடந்து போனான். அவன் கையில் உயிர் ஏற்றுகிற பச்சை வெளிச்சம் நிறைந்து ததும்பியது. சுவரின் ஓரமாக அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் விழுந்தாள். விழுந்த பிறகு வெளியே வந்து, மற்ற மூவருக்கும் பரபரவென்று உயிர் ஏற்றினான்.

அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஒரு தூணுக்குப் பின்னால். அதற்கும் முந்தையதில் வண்டிக்குப் பின்னால். ஒவ்வொன்றிலும் அவள் முதுகு, திரும்பிப் பார்க்காத, முட்டாள்தனமாக நம்புகிற அந்த முதுகு.  தோற்றதுகூடப் பெரிதில்லை. நின்று பார்த்தானே, அதுதான் தாங்கவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, செத்துட்டியா?"

"இல்லைங்க" என்றாள். "கொன்னுட்டான்."

ஞாயிறு சாயங்காலம் தம்பி வழக்கம்போல் சாப்பிட வந்தான். கணவர் மூன்று தட்டுகளை மேசையில் வைத்தார். சுத்தியலக்கா கைப்பேசியை அவன் முன்னால் நீட்டினாள். பார்த்தவன் முகம் வெளிறிவிட்டது.

"நெட்டு போயிருக்கும்க்கா."

"நெட்டு போனா ஆள் அப்படியே நிப்பான். நீ நடந்து போய் ஒளியுற."

அவன் நகத்தைக் கடித்தான். சின்ன வயதில் மாட்டிக்கொண்டாலும் அதைத்தான் செய்வான். பிறகு கொட்டித் தீர்த்தான். அவனுடைய மேனேஜருக்கு இந்த விளையாட்டு என்றால் உயிராம். அதிலும் சுத்தியல்காரன்தான் வேண்டுமாம். நகரப் போட்டிக்கு அணியில் தன்னைச் சேர்த்துக்கொள் என்று வாய்விட்டே கேட்டாராம். பதவி உயர்வுப் பேச்சு நடக்கிற நேரம்.

"உன்னைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா."

"வாய் வரல. கை மட்டும் வந்துச்சா?"

"நீயா வெறுத்துப்போய் விட்டுட்டா உனக்கும் வருத்தம் இருக்காதுன்னு நினைச்சேன். வெறும் கேம்தானேக்கா."

"கேமை விடுடா. 'எனக்கு மேனேஜர் வேணும், நீ நகரு'ன்னு சொல்லியிருந்தா திட்டிட்டு நகந்திருப்பேன். என் கை போச்சுன்னு ஏன்டா சொன்ன? நான் அதை நம்பி டிரில்லைக் கொடுத்துட்டு, கடையில துடைச்சுக்கிட்டு நிக்கிறேன்."

தம்பிக்கு இது தெரியாது.  அக்காள் வேலையைப் பற்றி அவன் கேட்டே பல மாதமாகிறது. அவளுடைய கணவர் இத்தனை வருடத்தில் அக்காள் தம்பி பேச்சில் மூக்கை நுழைத்தவரில்லை.  தம்பிக்கு வைத்திருந்த தட்டை எடுத்து, துணியால் ஒருமுறை துடைத்து, அலமாரியில் திரும்ப வைத்தார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் அவள் டிரில்லைத் திரும்பக் கேட்டதும், முதலாளி ஒரு கழித்துப்போட்ட லென்ஸைக் கொடுத்து, துளை போட்டுக் காட்டச் சொன்னார். துளை கச்சிதமாக விழுந்தது.

"என்னம்மா, கை சரியாயிடுச்சா?"

"கைக்கு ஒண்ணும் ஆகல சார். எப்பவுமே ஆகல."

டிரில் திரும்ப அவள் மேசைக்கு வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒன்றுமே ஆகாத கையை இத்தனை நாள் நோயாளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாளே.

தம்பியிடமிருந்து செய்தி வந்தது. மேனேஜர் ஒரேயடியாகச் சொதப்புகிறார், கேடயத்தை எப்போது தூக்குவது என்றே தெரியவில்லை, அவரைக் கழற்றிவிட வழி பார்க்கிறேன் என்று எழுதியிருந்தான். கடைசியில், "வாக்கா, இனிமே நிஜமாவே பின்னாடி இருப்பேன்." அந்த 'நிஜமாவே'யை அவள் இரண்டு தரம் படித்தாள். பதில் போடவில்லை.

ஆனால் விளையாட்டை விடவும் இல்லை. அந்தத் தோல்விகள் என்னுடையவையே இல்லை, அவற்றுக்காக நான் ஏன் விட வேண்டும் என்று கறுவிக்கொண்டாள். முகம் தெரியாதவர்களோடு தனியாகச் சேர்ந்தாள். சோபாவின் மூலை, மடக்கிய கால், எல்லாம் பழையபடி. அன்று அவளுக்கு வாய்த்த வைத்தியர் ஒரு பெண். குரலில் நல்ல தெளிவு.

"நீங்க போங்க, நான் பின்னாடி இருக்கேன்."

சுத்தியலக்கா கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நாலு எட்டு வைத்திருப்பாள், திரும்பினாள். கேடயம் இறங்கியது. விழுந்தாள்.

அடுத்த ஆட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். திரும்பக்கூடாது, திரும்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். அடுத்த நாளும் அதே பெண் தேடி வந்து சேர்ந்துகொண்டாள். அன்றும் அப்படியே ஆயிற்று.

"ஏங்க ஒவ்வொரு தடவையும் திரும்புறீங்க? நான் இங்கயேதானே இருந்தேன்?"

அந்தக் குரலில் கோபமில்லை, புரியாமல்தான் கேட்டாள். சுத்தியலக்கா ரீப்ளேயைப் போட்டு அந்தப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தாள். சொன்னதுபோலவே இருந்தாள். விழுந்த இடத்துக்கு ஓரடி பின்னால், கை நிறையப் பச்சை வெளிச்சத்தோடு, ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"உங்க மேல தப்பே இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு, சுத்தியலக்கா விளையாட்டை அழித்தாள்.

கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றார். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.